கூப்பிடு தூரம்

எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் புதிதாகப் பேச ஏறுகிறவர்கள் மைக்கில் விடுகிற முதற்பிழைக்கு நான் வைத்திருந்த பெயர் ‘களே’.

தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே, பாடசாலை அதிபர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே என்று ஒவ்வொருவராய் விளித்த பிறகுதான் பேச்சுத் தொடங்கும். விளிக்கும்போது அவரவர் முகத்தைப் பாராமல் விளிப்பது மரியாதைக் குறைவு. ஆகவே தலைவர் வலப்பக்கம் இருந்தால் வலப்பக்கம் திரும்புவார்கள். அதிபர் இடப்பக்கம் இருந்தால் இடப்பக்கம். மைக் நடுவில் அசையாமல் நிற்கும். முகம் அதைக் கடந்து போகிற கணத்தில் வாயில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பிடித்து வெளியே அனுப்பும். தென்னையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து ஊருக்குக் கேட்பது, “...களே ...களே ...களே.” பின்னால் நிற்கும் இளவட்டங்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஆட்டுக்குட்டி கத்துவதுபோலத் திருப்பிச் சொல்லும். ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்காத பேச்சாளர் இன்னும் பணிவாக, இன்னும் நன்றாகத் திரும்புவார்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையொன்றில் அப்போது வேலை செய்தேன். எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். அப்பாவை ஐயா என்போம்; அவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். நான் சோதனை பாஸ் பண்ணிய நாளிலிருந்து, கந்தோரிலிருந்து கிளார்க் வேலைக் கடிதம் வரும் என்று வீடு முழுக்கக் காத்திருந்தது. கடிதம் வரும்வரைக்கும் என்றுதான் கடைக்குப் போனேன். “படிச்சுப்போட்டு மரத்தில ஏறுறான்” என்று அம்மா அயலுக்குச் சொன்னார். குழாயைக் கட்ட மரத்தில் ஏறத்தான் வேண்டும். அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு மைக் என்றால் ஒரு சாமான். குழாயும் வயரும் சத்தம் கூட்டுகிற பெட்டியும் போன மாதிரியே திரும்பி வந்தால் சரி. மைக்குக்கு முன்னால் நிற்கிற மனிதர் என்ன பாடுபடுகிறார் என்பது கடையின் வேலை அல்ல. எனக்குத்தான் அது பொறுக்கவில்லை. வருடத்தில் ஒரேயொரு நாள் பேச வாய்ப்புக் கிடைத்த ஒருவர், ஒரு பெரிய உத்தியோகத்தருக்கு முன்னால் வாயை அசைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போவதைப் பலதரம் பார்த்துவிட்டேன். ஆகவே ஒரு கொப்பி வாங்கி, முன் மட்டையில் ‘மைக்கில் பேசுவோர் கவனிக்க வேண்டியவை’ என்று எழுதினேன். வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் ஒரு சாண். மைக்கைப் பார், ஆளைப் பாராதே. தட்டாதே, ஊதாதே. உன் குரல் உனக்குக் கேட்கிறதா என்று காத்திராதே.

கடைசி விதிதான் முக்கியமானது. குழாய்கள் சனத்தைப் பார்த்துக் கட்டப்பட்டிருக்கும். மேடையில் நிற்பவருக்குத் தன் குரல் சரியாகக் கேட்காது. சிலவேளை பின்னாலிருந்து வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்கும். அந்தக் குரலைத் தேடித் திரும்பினால் மைக் கைவிட்டுவிடும். “கேக்குதோ எண்டு நான் பாத்துக்கொள்ளுவன். நீங்கள் கதைக்கிற வேலையை மட்டும் பாருங்கோ” என்று எல்லாருக்கும் சொல்வேன். அப்படிச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

ஒரு புரட்டாதி மாதம், சாம்பல்தீவுக்கும் வடக்கே ஒரு கரையோரக் கிராமத்திலிருந்து கடைக்கு ஆள் வந்தது. ஊருக்குச் சுகாதாரப் பகுதியின் பெரிய டொக்டர் வருகிறார், பள்ளிக்கூட வளவில் கூட்டம், மைக் வேண்டும் என்றார்கள். அந்த ஊருக்கும் பெரிய றோட்டுக்கும் நடுவில் கடல்நீர் தேங்கிய ஒரு களப்பு. பாலம் கிடையாது. ஒரு தோணியும் ஒரு தோணிக்காரரும்தான். மின்சாரம் இல்லாத ஊர் என்பதால் கார் பற்றரியில்தான் பெட்டியை ஓட்ட வேண்டும்.

“ஒரு பற்றரிதான் மனே இருக்கு” என்றார் நானா. “மத்தது மூதூர்க் கலியாணத்துக்குப் போகுது. பாட்டுக் கீட்டுப் போட்டுராதீங்க. பெடியனுகள் வந்து கெஞ்சுவானுகள். பற்றரி குடத்துத் தண்ணி மாதிரி. ஊத்து இல்ல.”

“ஒரு பாட்டும் போடமாட்டன் நானா.”

அந்த வாக்கைக் காப்பாற்றினேன். அதுதான் வேடிக்கை.

காலையிலேயே லொறியில் போய், பெட்டியையும் பற்றரியையும் குழாய்களையும் தோணியில் ஏற்றி அக்கரை சேர்ந்தேன். பள்ளிக்கூடம் களப்பைப் பார்த்தபடி இருந்தது. வகுப்பறை வாங்குகளைச் சேர்த்து மேடை போட்டிருந்தார்கள். கூட்டம் பின்னேரம் மூன்று மணிக்கு. இரண்டு தென்னையில் குழாய்களைக் கட்டி முடித்தபோது பத்துமணி இருக்கும். இளவட்டங்கள் பாட்டுக் கேட்டு வந்தார்கள். மறுத்துவிட்டேன்.

“பாட்டுப் போடாத லவுட்ஸ்பீக்கர் என்னத்துக்கு அண்ணை? செத்தவீட்டுக்கோ கொண்டுவந்தனீங்கள்?” என்றான் ஒருவன்.

பள்ளிக்கூட அதிபர் என்னைக் கூப்பிட்டு நிகழ்ச்சி நிரலைக் காட்டினார். எட்டுப் பேர் பேச இருந்தார்கள். கடைசிப் பெயருக்கு நேரே ‘மாதர் சங்கம், கோரிக்கை, ஐந்து நிமிடம்’ என்று இருந்தது.

“முக்கியமான கதை அதுதான்” என்றார் அதிபர். “ஊருக்குப் பிள்ளைப்பேறு பாக்க ஒரு மருத்துவமாது வேணும். மூண்டு மனு எழுதிப்போட்டன். மறுமொழி இல்லை. இந்த முறை எழுத்து வேண்டாம், பொம்பிளையளே நேரில கேக்கட்டும் எண்டு விட்டிருக்கு. கதைக்கப்போற பிள்ளை மைக்கைக் கண்ணாலும் கண்டதில்லை. நீர் கொஞ்சம் சொல்லிக் குடுமன்.”

அந்தப் பிள்ளைக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். நான் அக்கா என்றேன். மீன் கருவாடு போடுகிறவர், மெல்லிய உடம்பு. கூட நாலைந்து பெண்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். மைக்குக்கு முன்னால் நிற்கவைத்து, ஏதாவது சொல்லுங்கோ என்றேன்.

அக்கா மூச்சை இழுத்து, “ஐயாமாரே!” என்றார்.

குழாய் இரண்டும் ஒருமிக்கக் கூவின. பனையிலிருந்த காகங்கள் எழும்பின. கட்டியிருந்த ஆடொன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

“அடியேய், மைக்குக்கே காது அடைச்சுப்போச்சு!” என்று ஒரு பெண் மணலில் குந்திவிட்டாள். “தம்பி, உங்களுக்குத் தெரியாது. களப்புக்கு அங்கால கிடக்கிற தோணியைக் கூப்பிடுறதுக்கு ஊரில இவ ஒருத்திதான். ஆம்பிளையள் கத்தினாலும் தோணிக்காரருக்குக் கேக்காது. இவ கூப்பிட்டா அந்தாள் சோத்துக் கோப்பையோட எழும்பி வரும்.”

“அந்தச் சத்தம் இஞ்ச வேண்டாம் அக்கா” என்றேன். “நித்திரையில கிடக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில கதைக்கிற மாதிரிக் கதையுங்கோ. மிச்சத்தைக் குழாய் பாத்துக்கொள்ளும்.”

“அப்பிடிக் கதைச்சா பின்னுக்கு என்னெண்டு கேக்கும்?”

“கேக்கும்.”

அவர் நம்பவில்லை. மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். சொல்லிவிட்டு உடனே திரும்பித் தென்னையைப் பார்த்தார். “என்ர குரல் அங்க போய் நிண்டு வேற பொம்பிளை மாதிரிக் கதைக்குது” என்றார். மறுபடி சொன்னார். மறுபடி திரும்பினார். மரியாதை வேறு இடையில் வந்தது. டொக்டர் இருக்கப்போகும் கதிரையை நினைத்ததும் முந்தானை வாய்க்கு வந்தது. கால் இரண்டடி பின்னால் போனது.

அதைக் கண்டபோது ஐயாவின் ஞாபகம் வந்தது. ஒருமுறை சோற்றுப் பார்சல் கொடுக்கத் துறைமுகத்துக்குப் போனபோது, ஐயா ஒரு துரையோடு கதைத்துக்கொண்டு நின்றார். தோள் துண்டு கைக்கு வந்திருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அரை அடி பின்வாங்கினார். கதை முடிகிறபோது அவர் சுவரோடு நின்றார். பெரியவருக்கு முன்னால் நின்று கதைப்பது என்றால் எங்கள் ஆட்களுக்குப் பின்வாங்குவதுதான். மைக்குக்கு அது தெரியாது. அது கிட்ட வா என்கிறது. என் கொப்பியில் பிழை என்று எழுதிவைத்தவற்றில் பாதி, அவர்கள் பெற்றாரிடம் படித்த ஒழுங்கு. அன்றைக்கு இது எனக்கு இவ்வளவு தெளிவாக விளங்கியது என்று சொல்லமாட்டேன். எப்படியாவது இந்த அக்காவைத் தேறவைத்துவிட வேண்டும் என்பதுதான் மனதில் நின்றது.

அவர் எதற்காகக் கேட்கிறார் என்பதைப் பழகும்போதுதான் அறிந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய தங்கைக்கு வயிற்றுநோ வந்து, ஆசுபத்திரிக்குப் போகிற வழியில் களப்பின் நடுவே தோணியிலேயே பிள்ளை பிறந்தது. பிள்ளை தங்கவில்லை. இப்போது அக்காவின் மூத்த மகள் தலைப்பிள்ளைக்கு ஆறு மாதம். அந்தப் பெண்ணும் வந்து, வேப்பமரத்தடியில் காலை நீட்டி இருந்து தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உடனே ஒரு தாளை எடுத்துப் பேச்சை எழுதினேன். ‘எமது கிராமத்தின் நெடுங்காலக் குறைபாடாகிய மகப்பேற்று வசதியின்மையைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விழைகின்றோம்’ என்று தொடங்கியது. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவர் பாடமாக்கினார்.

“தம்பி, விழையிறது எண்டால் என்ன?”

“விரும்புறது.”

“அப்ப விரும்புறம் எண்டே சொல்லுவமன்.”

“டொக்டருக்கு முன்னால இப்பிடிச் சொன்னாத்தான் அழகு அக்கா.”

பத்துத்தரம் சொல்லவைத்தேன். பதினைந்துதரம் இருக்கலாம். ஒவ்வொருதரமும் மைக்கைப் போட்டு, குழாயில் கேட்டு, திருத்தி. கடைசியில் ஒரு சாண் தூரத்தில் அசையாமல் நின்று, மைக்கின் மூக்கையே பார்த்து, மெல்லிய குரலில், ஒருமுறையும் திரும்பாமல் முழுவதையும் சொல்லி முடித்தார். பெண்கள் கைதட்டினார்கள்.

“எனக்கொண்டும் கேக்கேல்லைத் தம்பி” என்றார் அக்கா. “கேக்குது எண்டு நீங்கள் சொல்லுறதாலதான் கதைக்கிறன்.”

“அது போதும். கேக்குதோ எண்டு பாக்கிறது என்ர பொறுப்பு.”

அப்போது மணி ஒன்றரை. பெட்டியின் சிவப்பு வெளிச்சம் காலையிலிருந்து அணையவே இல்லை. ஒரு பாட்டும் போடவில்லை என்ற நிம்மதியில் அதை நான் நினைக்கவும் இல்லை.

மூன்றரைக்கு டொக்டர் வந்தார். தோணி அவரை இறக்கிவிட்டுத் திரும்ப அக்கரைக்குப் போய்விட்டது. அவருடைய ஜீப்பும் சாரதியும் அங்கே நின்றார்கள். தோணிக்காரருக்கு அங்கே கதைக்க ஆள் இருந்தது. கூட்டம் தொடங்கியது. ஏழு பேரும் ‘களே’ போட்டார்கள். ஒருவர் மைக்கைக் கண்ணாடிபோலப் பார்த்துத் தலைமயிரைச் சரிசெய்தார். இன்னொருவர் ஐந்து நிமிடத்தில் நாலரை நிமிடம் விளித்தார். ஐந்தாவது ஆள் பேசும்போது குழாயின் சத்தம் கொஞ்சம் மெலிந்ததுபோல இருந்தது. காற்று என்று நினைத்தேன். ஏழாவது ஆள் கத்திப் பேசுகிறவர், குறை தெரியவில்லை.

அதிபர் நேரம் முடிந்தால் அடிக்கிற மேசை மணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “மாதர் சங்கத்தின் கோரிக்கை” என்றார்.

அக்கா ஏறினார். நான் சொல்லிக்கொடுத்த இடத்தில், சொல்லிக்கொடுத்தபடி நின்றார். முந்தானை வாய்க்குப் போகவில்லை. டொக்டரைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்து, நித்திரைப் பிள்ளைக்குப் பக்கத்தில் கதைப்பதுபோலத் தொடங்கினார்.

குழாயில் ஒரு கரகரப்பு வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு வெளிச்சம் பீடி நுனிபோல ஒரு பொட்டாக மங்கி, நான் பார்த்துக்கொண்டிருக்கவே போய்விட்டது. பற்றரிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் குனிந்திருந்து வயரைத் திருகினேன், முனையைச் சுரண்டினேன், மறுபடி திருகினேன். ஏனென்றால் வயர் என்றால் அது என் பிழை இல்லை.

மேடையில் அக்கா பேசிக்கொண்டேயிருந்தார். அவருக்குத் தன் குரல் கேட்கவில்லை. ஆனால் கேட்காது என்று நான்தான் சொல்லியிருந்தேனே. திரும்பக்கூடாது என்றும் சொல்லியிருந்தேன். ஆகவே திரும்பவில்லை. சனம் ஒருவரையொருவர் பார்த்தது. பெரிய டொக்டருக்கு முன்னால் எழுந்து ‘கேக்கேல்லை’ என்று கத்த யாருக்கும் வாய் வரவில்லை. டொக்டர் முதலில் தலையை முன்னால் நீட்டினார். பிறகு பின்னால் சாய்ந்து, நல்ல மனிதர்கள் விளங்காத பேச்சைக் கேட்கிறபோது செய்வதுபோல மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியிலிருந்த மகள் மட்டும் எழுந்து நின்றுவிட்டாள். அவள் தாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

இரண்டு நிமிடம் போயிருக்கும். நான் மேடையில் ஏறி மைக்கை ஸ்டாண்டோடு தூக்கி அப்பால் வைத்தேன்.

“அக்கா, மைக் செத்துப்போச்சு.”

“எப்ப இருந்து?”

“தொடக்கத்தில இருந்து.”

அக்கா என்னைப் பார்த்தார். “அப்ப நான் இவ்வளவு நேரமும் ஆரோட கதைச்சனான்?”

முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. அதிபரிடம் திரும்பி, “சேர், எனக்கு இன்னும் நேரம் கிடக்கோ?” என்றார்.

“ரெண்டு நிமிசம் பிள்ளை.”

அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினார். டொக்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அந்த ஊரில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்திருக்கமாட்டார்கள். களப்பைப் பார்த்து, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து,

“ஓ...ய்ய்! தோ...ணி!”

என்றார். குரல் தண்ணீருக்கு மேலால் போவது கண்ணுக்குத் தெரிவதுபோல இருந்தது. காத்திருந்தோம். இன்னொருமுறை கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, அக்கரையிலிருந்து கொசு பாடுவதுபோல ஒரு “ஓ...ய்” வந்தது.

அக்கா டொக்டரிடம் திரும்பினார்.

“ஐயா, அந்தத் தோணி இஞ்ச வந்து சேருமட்டும் நான் ஒண்டும் கதைக்கமாட்டன். நீங்களும் இருந்து பாருங்கோ.”

அதிபரின் கை மணிக்குப் போய்விட்டுத் திரும்பியது. எல்லாரும் களப்பைப் பார்த்தோம். தோணிக்காரர் கரையில் எழுந்து நிற்பது புள்ளியாகத் தெரிந்தது. கயிற்றை அவிழ்த்தார். ஏதோ எடுக்க மறந்து திரும்பப் போனார். வந்தார். தடியை ஊன்றினார். தோணி நகர்வதே தெரியவில்லை. தொடக்கத்தில் டொக்டர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது; தோணி பாதித் தூரம் வருகிறபோது அது இல்லை. ஒரு முறை மணிக்கூட்டைப் பார்த்தார். தோணிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அக்காவின் தங்கை முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

தோணி மணலில் முட்டியது. தோணிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கி, இத்தனை பேர் தன்னைப் பார்ப்பதைக் கண்டு திடுக்கிட்டார்.

“ஆருக்கு அவசரம்? ஆர் போறது?”

“ஒருத்தரும் இல்லையண்ணை” என்றார் அக்கா. “இண்டைக்கு ஒருத்தருக்கும் நோகேல்லை.”

பிறகு டொக்டரைப் பார்த்துச் சாதாரணக் குரலில், ஆனால் கடைசி ஆளுக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னார்.

“இது பகல் ஐயா. காத்தும் இல்லை. அந்தாள் முழிச்சிருந்தது. இனித்தான் ஏத்திக்கொண்டு திரும்பப் போகோணும். அங்கால றோட்டில வாகனம் பாக்கோணும். என்ர மகளுக்கு மார்கழியில நாள். மார்கழிக் காத்தில என்ர குரல் அங்கால போகாது. போகேல்லை. என்ர தங்கச்சிக்குக் கனநேரம் போகேல்லை. ஆசுபத்திரியை இஞ்ச கொண்டுவரச் சொல்லேல்லை. கூப்பிடு தூரத்தில ஒரு மிட்வைஃப் வேணும். அவ்வளவுதான்.”

நான் எழுதிக்கொடுத்ததில் ஒரு சொல்லும் அதில் இல்லை.

டொக்டர் அதிபரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அதிபர் பள்ளிக்கூடத்துப் பழைய சாமான் அறையைக் காட்டினார். டொக்டர் சின்னக் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டு ஏதோ சொன்னார். மைக் இல்லாதபடியால் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. பின்னால் பெண்கள், “என்னவாம்? என்னவாம்?” என்று எழுந்தார்கள். அக்கா சனத்தின் பக்கம் திரும்பினார்.

“அந்த அறையைத் துப்பரவாக்கிக் குடுத்தா, கார்த்திகையில இருந்து மிட்வைஃப் கிழமைக்கு ரெண்டு நாள் வருவாவாம்!” என்று கூவினார். “இரவில தங்குவாவோ எண்டு கேக்கிறன், பொறுங்கோ!” டொக்டரிடம் திரும்பினார். “தங்குவாவோ ஐயா?”

ஊர் முழுவதும் அவர் வாயைப் பார்த்தது. டொக்டர் கொஞ்சம் யோசித்தார். “மழைக்காலம் முடியுமட்டும் தங்கட்டும்” என்றார்.

“மழை முடியுமட்டும் தங்குவாவாம்! ஐயா சொல்லிப்போட்டார்!”

அதற்குப் பிறகுதான் அதிபர் மணியை அடித்தார்.

குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்கா தென்னைக்குக் கீழே வந்து நின்றார். நான் இறங்கிவந்து உண்மையைச் சொன்னேன். பற்றரியைக் குடித்தது பாட்டு அல்ல, காலையில் நாங்கள் பழகியதுதான். நான் கணக்குப் பார்க்கவில்லை என்றேன். “எண்டாலும் காரியம் நடந்துதுதானே அக்கா” என்றும் சொல்லிவைத்தேன். அதைச் சொல்லியிருக்கக்கூடாது.

“காரியம் நடந்தது வேற கதை” என்றார் அவர். “நீங்கள் சொன்னபடி செய்தனான் தம்பி. என்ர ரெண்டு காதையும் உங்களிட்டத் தந்திட்டு நிண்டனான். மைக் செத்தது பிழையில்லை. செத்தது எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விளங்காமல் கேட்டார். வயரைச் சுற்றிக்கொண்டு நின்றேன். போகும்போது, “தோணியில இருட்ட முதல் போங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானாவிடம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் பற்றரியைத் தூக்கிச் சார்ச்சில் போட்டுவிட்டு, “பாட்டுப் போட்டிருந்தாச் சனமாவது சந்தோசப்பட்டிருக்கும் மனே” என்றார்.

அன்றிரவு கொப்பியை எடுத்து, ‘உன் குரல் உனக்குக் கேட்கிறதா என்று காத்திராதே’ என்ற வரியை வெட்டினேன். அதற்குப் பதிலாக எழுத ஒரு வரி வரவில்லை. அந்தக் கொப்பியில் பிறகு ஒன்றும் எழுதியதில்லை. வேறொரு பழக்கம் வந்தது. அதுவரைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில், மேடை ஓரத்தில் இருப்பேன். அதன் பிறகு பெட்டியை ஒழுங்காக்கிவிட்டுச் சனத்தின் கடைசி வரிசைக்குப் போய், பேசுகிறவர் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில் நிற்பேன். வலது கையைத் தூக்கிப் பிடிப்பேன். “என்ர கை மேல நிண்டால் கேக்குது. கை கீழ வந்தால் கேக்கேல்லை, நிப்பாட்டிப்போட்டுச் சத்தமாக் கதையுங்கோ” என்று முன்னரே சொல்லிவைப்பேன். பெரிய கூட்டங்களில் என்னைப் பார்த்து, “என்ன, வாக்களிக்கிறீரோ?” என்று கேலி செய்வார்கள். அரை மணித்தியாலப் பேச்சுக்குக் கை நோகும். இடக்கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்வேன்.

மருத்துவமாது கார்த்திகையில் வரவில்லை. மார்கழி பிறந்து மூன்றாம் நாள்தான் வந்தாராம். ஒரு தகரப் பெட்டியோடும் குடையோடும், காற்றில் தோணி ஆட ஆட, பயந்து கண்ணை மூடிக்கொண்டு. அந்த மாதக் கடைசியில் அக்காவின் மகளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பழைய சாமான் அறையில்தான். அன்றிரவு களப்பில் தோணி விடமுடியாத காற்று என்று, சந்தைக்குக் கருவாடு கொண்டுவந்த ஒருவர் நானாவிடம் சொன்னார்.

அடுத்த வருடம் அந்த அறைக்கு ஓடு போட்டுத் திறந்துவைத்தார்கள். மறுபடி எங்கள் கடையைத்தான் கூப்பிட்டார்கள். இந்தமுறை இரண்டு பற்றரி கொண்டுபோனேன். பாட்டும் போட்டேன். அக்காவைப் பேசக் கூப்பிட்டார்கள். இடுப்பில் பேத்தியோடு ஏறினார். மைக்கை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். அது உயிரோடு இருப்பதை அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒரு சாண் தூரத்தில் நின்றார். யாரையும் விளிக்கவில்லை.

“அந்தக் கடைத் தம்பி எங்க?” என்றார் மைக்கில். “கையைக் காட்டுங்கோ.”

சனம் முழுவதும் திரும்பியது. மதிலோரமாக நின்று கையைத் தூக்கினேன். அக்கா அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பேசத் தொடங்கினார். அவர் பேசி முடிக்கும்வரை கை மேலேயே நின்றது.